ஸ்லோ நிற்காத வண்டி

மிதி என்றேன், மிதித்தாள். விடு என்றேன், விட்டாள். முப்பத்து நாலு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குக் காருக்குள் உட்காரவைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் காலை எடுத்ததும் இஞ்சின் சத்தம் இறங்கிவந்து ஓர் இடத்தில் சமனாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. குளிர்காய்ச்சல்காரன்போல வெடவெடவென்று உதறுகிறது, பானெட்டைத் தாங்கும் கம்பி கிடுகிடுக்கிறது, முன் கண்ணாடிக்குப் பின்னால் என் சகதர்மிணி வசந்தாமணியின் கன்னமும் காதுத் தோடும் சேர்ந்து ஆடுகின்றன. பட்டறைகளில் இதை ஸ்லோ நிற்கவில்லை என்பார்கள். தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி, இரண்டு தடவை என் கையால் இஞ்சினை இறக்கி ஏற்றியது, இதன் வயிற்றுக்குள் எனக்குத் தெரியாத ஒரு திருகாணி கிடையாது. முதல் நிமிஷத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மிதித்தால் சீராகிறது, விட்டால் நடுங்குகிறது என்றால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கும், மோட்டார் மெக்கானிக் முதல் வருஷம் படிக்கிறவனே சொல்லிவிடுவான். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் அவன்களுக்குச் சொல்லிக்கொடுத்த தெய்வசிகாமணி வாத்தியாருக்குத் தெரியாதா? தெரிந்தது. சொல்லவில்லை. மணி ஒன்பது ஐந்து. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரை ஆனதும் இவள் உடுமலையிலிருந்து கோயமுத்தூருக்குக் கிளம்புகிறாள், நான் தலைமுழுகிய மகளைப் பார்க்க, நான் வாங்கிய காரில், என்னை விட்டுவிட்டு. கிளம்புவதற்கு முன்னால் வண்டியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க என்று என்னிடமே கேட்கிறாள். பார்த்துக் கொடுக்கிறேன் தாயே. பத்தரை என்ன, பொழுது சாய்கிறவரைக்கும் பார்க்கிறேன்.

பிளக் ஒயர்களிலிருந்து ஆரம்பித்தேன். ஒயர்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் பார்க்கிறவளுக்கு வேலை நடப்பதாகத் தெரிய வேண்டுமே. நாலு சிலிண்டர், நாலு ஒயர். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்கியதும் இஞ்சின் இன்னும் தொய்ந்தால் அந்த சிலிண்டர் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். பிடுங்கியும் சத்தம் மாறவில்லையென்றால் அது ஏற்கெனவே செத்தது, மற்ற மூன்றும் இழுக்கிற இழுப்பில் சும்மா கூட ஓடிக்கொண்டிருந்தது. துணியை நாலாக மடித்துப் பிடித்து முதல் ஒயரை இழுத்தேன். தொய்ந்தது. மாட்டினேன். "ஏனுங்க, நிறுத்தட்டுங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். "சும்மா உக்காரு. நிறுத்துனா எப்படிப் பாக்கறது?" சைலன்சர் புகை பின்சுவரில் மோதித் திரும்பி அவள் பக்கம்தான் போகிறது, அது எனக்குத் தெரியும், வண்டியை அப்படி நிறுத்தச் சொன்னதே நான்தான். இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருமட்டும். காலையில் ஏழு ஐம்பதுக்கு இவள் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் இவளுடைய போன் அடித்தது, எடுத்தேன். அத்தை என்று ஆரம்பித்தவன் என் தொண்டைச் செருமலைக் கேட்டதும் சார் என்றான். மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை பாருங்கள், அந்தமட்டும் பயம் இருக்கிறது. "சார், இன்பராஜ் பேசறனுங்க சார். திங்கக்கெழம சொல்லியிருந்த ஆப்பரேசன இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கே பண்றாங்களாமாங்க. உள்ள போறக்கு முன்னால அம்மாவப் பாக்கோணும்னு மேகலா அழுகறா. அத்தையச் சீக்கிரமாக் கெளம்பச் சொல்லுங்க சார். அப்பறம் சார், நீங்களும்..." அந்த இடத்தில் அமுக்கிவிட்டேன். நீங்களும் என்ன? நீங்களும் வாருங்களா, நீங்களும் செத்துத் தொலையுங்களா? மகளுக்கு வயிற்றில் கட்டி என்று போன மாசமே இவள் சொன்னாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, யாரோ மூன்றாவது தெருக்காரிக்கு வந்ததுபோல. நான் பேப்பரைத் திருப்பினேன். இன்றைக்குப் போன் வந்ததையும் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்தவளிடம் சட்னியில் உப்பில்லை என்று மட்டும் சொன்னேன். கோயமுத்தூருக்கு இரண்டு மணி நேரம். பன்னிரண்டைத் தாண்டவிட்டால் போதும், அதற்கப்புறம் இவள் பறந்து போனாலும் பெண்ணை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

இரண்டாவது ஒயர். தொய்ந்தது. மாட்டினேன். அந்த இன்பராஜ் என் மாணவன், பதினாலு வருஷத்துக்கு முந்தின பேட்ச். காது என்றால் அவனுக்குத்தான் காது. மற்றவன்கள் நீளத் திருப்புளியை இஞ்சினில் ஊன்றிக் காதை அதன் கைப்பிடியில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பான்கள், இவன் பத்தடி தள்ளி நின்று, "மூணாவது சார்" என்பான். மூன்றாவதாகத்தான் இருக்கும். சரியாகச் சொல்கிற மாணவனை வாத்தியாருக்குப் பிடிக்கும் என்று எவன் சொன்னான்? எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஓடுகிற இஞ்சினிலிருந்து ஒயரைக் கழற்றி, நல்லாப் புடி, கரண்ட் வருதான்னு பாத்துச் சொல்லு என்று அவன் கையில் கொடுத்தேன். எல்லா பேட்சிலும் ஒருவனுக்கு இதைச் செய்வதுதான். துள்ளிக் குதித்து ஒயரைப் போடுவான், எல்லாரும் சிரிப்பார்கள், கொஞ்சம் கழித்து அவனும் சிரிப்பான், பட்டறைப் பழக்கம். இவன் போடவில்லை. கை உதறுகிறது, தாடை கிட்டிக்கொள்கிறது, என் கண்ணையே பார்த்துக்கொண்டு பிடித்திருந்தான். போடுடா, போடுடா என்று நான்தான் கத்த வேண்டியதாகப் போயிற்று. போட்டுவிட்டு, "வருதுங்க சார்" என்றான். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவன்களை வீட்டுக்கு வரவழைத்து இந்த வண்டியைக் கழுவச் சொல்வேன், எல்லா வாத்தியார்களும் செய்வதுதான், மார்க் வேண்டுமென்றால் வருவான்கள். இவனும் வந்தான். மேகலா சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் மோர்தானே என்று நானும் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினேன். "ஏனுங்க, ரேஸ் குடுக்கட்டுங்களா?" என்கிறாள் இவள். சொன்னால் குடு, சொல்லாவிட்டால் குடுக்காதே, இது கூடவா சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவது. துணியையும் மீறி சுருக்கென்று கடித்தது, முழங்கைவரைக்கும் ஏறியது, உதறிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன். அவள் பார்த்தாள். ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னெல்லாம் கையைப் பிடித்து ஊதியிருப்பாள், ஐயோ என்னங்க ஆச்சு என்று ஊரைக் கூட்டியிருப்பாள். ஏழு வருஷமாக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேகலா போன் செய்தாள். அன்று மத்தியானமே பங்காளிகளை வரச்சொல்லி, கொல்லையில் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று, மூன்று குடம் தலையில் ஊற்றிக்கொண்டேன், எனக்குப் பெண் இல்லை, செத்துப்போனாள் என்று. நீயும் ஊற்று என்றேன். ஊற்றிக்கொண்டாள். ஒரு குடம் ஊற்றிவிட்டு நிறுத்தினாள், இன்னும் ரெண்டு என்றேன், ஊற்றினாள். ஈரத்தலையோடு அடுப்படிக்குப் போய் வந்திருந்த பதினோரு பேருக்கும் காபி போட்டாள். பங்காளிகள் சும்மா இருப்பார்களா, "மனசு கேக்குமா வாத்தியாரே?" என்று ஒருத்தர் இழுத்தார். "எனக்குத் தெரியாத தொழிலுங்களா? புடுங்கிப் பாத்தாச்சு, சத்தம் மாறல. செத்த சிலிண்டர்" என்றேன். சிரித்தார்கள். காபி டம்ளர்களை எடுக்க வந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் போனாள். எனக்கு அப்புறம் ஒரு வாரம் ஜலதோஷம், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். சத்தம் மாறவில்லையா? மாறியது. மாறாமல் என்ன. சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது நாற்காலியைத் தினமும் துடைக்கிறாள். ஒருத்தரும் உட்காராத நாற்காலியில் என்ன தூசி விழுகிறது? ஒருநாள் அதைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். மறுநாள் மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம், கை எழவில்லை. பயமாக இருந்தது. எதற்குப் பயந்தேன் என்று இன்றைக்குவரைக்கும் தெரியவில்லை, மெலிந்த ஒரு பொம்பளை துணியால் நாற்காலியைத் துடைக்கிறாள், அதில் பயப்பட என்ன இருக்கிறது?

நாலாவது ஒயருக்குக் கையைக் கொண்டுபோனபோது எதிர்வீட்டு ரங்கசாமி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த வீட்டில் பால் பொங்கினாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். "என்னங்க வாத்தியாரே, காலங்காத்தால பிரிச்சுப் போட்டுட்டீங்க? அம்மிணி எங்கியோ கெளம்பியாச்சாட்ட இருக்குது." "கோயமுத்தூருக்குங்கண்ணா" என்று உள்ளேயிருந்து இவளே பதில் சொல்கிறாள், என்னைக் கேட்காமல். "அட, இந்த உதறு உதறுதே. பேசாம பஸ்சுக்குப் போயிருங்க அம்மிணி. பத்தே முக்காலுக்கு ஒண்ணு இருக்குது, எங்கியும் நிக்காது, நேராக் கொண்டுபோய் எறக்கி உட்ருவான்." இவனுக்கு எவன் பஸ் டைம் கேட்டான்? "பத்து நிமிசத்துல ஆயிருமுங்க, நீங்க போய் உங்க சோலியப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் ஊர்ப் பேச்சில் இது ஒரு வசதி, வாயில் 'ங்க' போட்டுவிட்டு மனசுக்குள் கழுத்தை நெரிக்கலாம். பத்து நிமிஷம் என்பதுதான் இன்றைக்கு என் ஆயுதம். மூன்று மணி நேரம் ஆகும் என்றால் எழுந்து பஸ்சுக்குப் போய்விடுவாள். பத்து நிமிஷம் என்றால் உட்கார்ந்திருப்பாள், அந்தப் பத்து முடிந்ததும் இன்னொரு பத்து, இப்படியே ஒரு மனுஷியை ஆயுசு பூராவும் உட்காரவைக்கலாம், வைத்திருக்கிறேன். ரங்கசாமி போனான். நாலாவது ஒயரின் முனை எங்கே போயிற்று? வலது கண்ணில் நட்டநடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை, எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது, சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். இடதும் அதே வழியில்தான் போகும் என்றார் டாக்டர், இனி வண்டி ஓட்டாதீங்க என்றார். அதனால்தான் இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், ஐம்பத்து நாலு வயசில், என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக. கியர் மாற்றும்போது தப்பினால் புறங்கையில் ஸ்கேலால் ஒரு தட்டு. அழுவாள், கற்றுக்கொள்ளாமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் நன்றாக ஓட்டினாள், என்னைவிட நன்றாக. அதுதான் என் புத்தி கெட்ட வேலை. மூன்று மாசமாக ஸ்லோ நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள், நான் பானெட்டைத் திறக்கவில்லை, திறந்தால் எனக்குக் கண் எவ்வளவு தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். நேற்றுச் சாப்பிடும்போது எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். "தெரியலைங்க" என்றாள். நாளைக்கு என்றோ பத்து நாள் கழித்து என்றோ சொல்லாமல், தெரியலைங்க. ரசம் ஊற்றிக்கொண்டே. ரசம் தீர்ந்துபோச்சுங்க என்பதுபோல.

நாலாவதும் தொய்ந்தது. நாலும் உயிரோடுதான் இருக்கின்றன, அது எனக்கு முன்பே தெரியும். தலையைக் கீழே கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் என்ன திறந்தால் என்ன. ரேடியேட்டர் மின்விசிறிச் சத்தத்துக்கும் இஞ்சின் சங்கிலிச் சத்தத்துக்கும் அடியில், ஸ்ஸ்ஸ் என்று, பொம்பளைகள் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம். கார்புரேட்டருக்குக் கீழே விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். ரப்பர் குழாயின் அடிப்பக்கம், வளைகிற இடத்தில், நகநீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஆட்காட்டி விரலை அதன்மேல் வைத்தேன். உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷமே இஞ்சின் அடங்கிற்று. உதறல் இல்லை, தட்டல் இல்லை, பானெட் கம்பி அசையவில்லை, அடுப்பில் உலை கொதிக்கிறதுபோல ஒரே சீராக ஓடுகிறது. "ஏனுங்க! இப்ப நல்லாருக்குதுங்க! என்ன பண்ணுனீங்க?" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். கண்ணோரத்தில் அவள் முகம் தெரிந்தது, எத்தனை வருஷமாயிற்று இந்த முகத்தைப் பார்த்து. அந்தச் சந்தோஷம் எனக்கானது இல்லை. விரலை எடுத்தேன். வெடவெட என்றது. "ஒண்ணும் பண்ணலயே" என்றேன். முகம் விழுந்தது. மறுபடியும் விரலை வைத்தேன், அடங்கிற்று, அவள் முகம் ஏறியது, எடுத்தேன், இறங்கியது. இன்னும் இரண்டு தடவை வைத்து எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஒரு விரலால் இஞ்சினையும் இவளையும் சேர்த்து ஏற்றி இறக்கலாம் போலிருக்கிறது. சிரிப்பு வந்தது. மேகலா இருபது நாள் குழந்தையாக இருந்தபோது இதே விரலை இப்படித்தான் வாயில் பிடித்துக்கொண்டது, எடுத்தால் அழும், வைத்தால் அடங்கும், வேலைக்குப் போகாமல் அரைநாள் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சீ, இது எதற்கு இப்போது. விரலை எடுத்தேன். வைத்தேன். சொல்லிவிடலாம். சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. இந்தாம்மா வண்டி ரெடி, ஆப்பரேசன் இன்றைக்கே இரண்டு மணிக்காம், கிளம்பு என்று சொல்லலாம். நானும் வரட்டுமா என்று கேட்கலாம். கேட்டு, வேண்டாங்க என்று சொல்லிவிட்டால்? சோறு வைக்கிற, மருந்து விடுகிற, பேப்பர் படித்துக் காட்டுகிற இதே வாயால் வேண்டாங்க என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? பயம்தான். இருட்டு வருகிறது, வலது கண்ணில் பாதி வந்துவிட்டது, தனியாக ஒரு வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கப்போகிற பயம். அதற்கு இவளை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், பெண் செத்தாலும் சரி. பெண் செத்தாலும் சரி என்று முழுசாக நினைத்தேன், நினைத்துவிட்டு விரலை எடுத்தேன்.

பத்து இருபத்தெட்டு. இனி ஓடினாலும் பத்தே முக்கால் பஸ்சைப் பிடிக்க முடியாது, பத்து நிமிஷம் என்று இழுக்க வேண்டியதில்லை. "வால்வு எரிஞ்சு போச்சு" என்றேன், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, வகுப்பில் பேசுகிற குரலில். "இஞ்சினோட மேல் பாகத்தையே கழட்டோணும். ரெண்டு நாளாகும். இப்படியே எடுத்துட்டுப் போனா நடுவழியில படுத்துக்கும்." சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். ஒன்றரை மணி நேரத்துச் சத்தம் நின்றதும் காது அடைத்துக்கொண்டது. இறங்கி வந்தாள், கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ராகுகாலம் முடிஞ்சுதுங்க" என்றாள். "முடிஞ்சா? வண்டி போவாதுங்கறன்." "போவுமுங்க. மூணு மாசமா நாந்தான ஓட்டறன். நிக்கறப்பத்தான் நடுங்குது, ஓட்ட ஆரம்பிச்சாச் சரியாயிருது. நீங்க கை வெச்சாலும் அடங்குது, எடுத்தா ஆரம்பிக்குது. ஆறு வாட்டி. எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தன்." நான் வாயைத் திறப்பதற்குள், "ஏழு அம்பதுக்கு மாப்ள கூப்ட்டிருக்காரு, நீங்க பேசியிருக்கீங்க. போன்லயே காட்டுதுங்க. குளிச்சுட்டு வந்து பாத்துட்டு நானே கூப்ட்டுக் கேட்டுக்கிட்டன்" என்றாள். இஞ்சினுக்குள் மயிரிழைக் காற்று போனால் கண்டுபிடிக்கிறவனுக்கு அந்தச் சனியன் பிடித்த போன் பேசினதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும் என்று தெரியாமல் போயிற்று. அப்படியென்றால் சட்னியில் உப்பில்லை என்றபோதே இவளுக்குத் தெரியும். "ராகுகாலத்துல எப்படியும் கெளம்பப் போறதில்ல. அது முடியறவரைக்கும் பாக்கலாம்னு இருந்தன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு." அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், அழுகிற இவளைச் சமாளிக்க எனக்குத் தெரியும். அழவில்லை. கம்பியை எடுத்து மடக்கி பானெட்டை இறக்கினாள், என் கை இன்னும் விளிம்பில் இருந்தது, "கையெடுங்க" என்றாள், எடுத்தேன், சாத்தினாள். பின் கதவைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்துத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். "உங்களுதுங்க" என்றாள். கேட்டை அவளே திறந்தாள். வண்டி உதறிக்கொண்டே மெதுவாகக் கேட்டைத் தாண்டிற்று, தெருவில் திரும்பி நின்று மறுபடி உதறியது, ரங்கசாமி வாசலுக்கு வந்துவிட்டான், அவள் கிளட்சை விட்டாள், அவ்வளவுதான், உதறல் போன இடம் தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் காதைக் கொடுத்துக் கேட்டேன், ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை.

நில்லு என்று கத்தியிருக்கலாம். கத்தினேனா என்றே தெரியவில்லை, ரங்கசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை வைத்துப் பார்த்தால் கத்தியிருப்பேன் போலிருக்கிறது. வெயில் போர்ட்டிகோவுக்குள் வந்துவிட்டது, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு ஒன்று கிடக்கிறது. கல்லின்மேல் இருந்த பையைப் பிரித்தேன். மடித்த வேட்டி ஒன்று, துண்டு, ஷேவிங் சாமான், மேலே காகித உறையில் ஒரு புதுச் சட்டை, ஊசிகூட எடுக்காதது, வெள்ளையில் மெல்லிசாக நீலக் கோடு. நான் அவளோடு கிளம்புவேன் என்று கட்டி வைத்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் மகள் முன்னால் போய் நிற்க ஒரு நல்ல சட்டை வேண்டுமே என்று. காலையிலிருந்து அந்தப் பை வண்டியின் பின்சீட்டில் இருந்திருக்கிறது, நான் முன்பக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காலர் பட்டியைக் கண்ணோரத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். நாற்பது. என் அளவு நாற்பத்திரண்டு, கல்யாணமானதிலிருந்து நாற்பத்திரண்டு. முப்பத்து நாலு வருஷம் ஒருத்தனுக்குத் துவைத்துப் போட்டவளுக்கு அவன் சட்டை அளவு தெரியவில்லை பாருங்கள், இந்த லட்சணத்தில் எனக்குப் பரீட்சை வைக்க வந்துவிட்டாள். வரட்டும், வந்ததும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். பனியனோடு நின்றுகொண்டே ஊசிகளைப் பிடுங்கினேன், காலரில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது, பரவாயில்லை, எப்படியும் மாற்றிவிட்டு வர வேண்டிய சட்டைதானே. போட்டுப் பார்த்தேன். தோளிலும் கழுத்திலும் கையிலும் அளவெடுத்துத் தைத்ததுபோல் சரியாக இருந்தது.